ஐரிஷ் சிப்பாயின் பூர்வீகம் பிடிபடவில்லையா? தடங்கல் வாரியாக வழிமுறை

அயர்லாந்துக் குடும்பத்தின் பூர்வீகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் டப்ளினில் தொடங்கி ஒரே வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். முன்னோர் சிப்பாயாக இருந்திருந்தால் தொடங்க வேண்டிய இடம் லண்டன். 1801 முதல் 1922 வரை முழுத் தீவும் பிரிட்டனோடு ஒரே அரசு. 1830இல் பிரிட்டிஷ் படையின் சாதாரணச் சிப்பாய்களில் 100க்கு 42 பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய காகிதங்கள் லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1922இல் டப்ளின் ஆவண அலுவலகத்தில் பிடித்த தீ அவற்றைத் தொடவில்லை.

நிலம் இல்லாத, உயில் எழுதாத, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரரின் உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், பிறந்த ஊர் எல்லாவற்றையும் குறித்துவைத்த இடம் பெரும்பாலும் ராணுவம்தான். ஊரில் தங்கிவிட்ட அவருடைய அண்ணன் தம்பிகளைப் பற்றி இதில் கால்வாசிகூடக் கிடைக்காது.

நாம் தேடிப் போவது இரண்டு பெயர்களை. ஒன்று டவுன்லேண்ட். நம் குக்கிராமம் போன்ற, நாட்டின் ஆகச் சிறிய நிலப் பிரிவு. மொத்தம் 60,000க்கு மேல் உண்டு. இன்னொன்று அந்த டவுன்லேண்ட் சேர்ந்த தேவாலயப் பங்கு. இந்த இரண்டும் தெரியாமல் அயர்லாந்து ஆவணங்களில் கை வைத்தால் ஆற்றில் ஊசி தேடுவதுபோலத்தான். ராணுவக் காகிதத்தில் ஊர், ஊரிலிருந்து பங்கு, பங்கிலிருந்து பெற்றோர். வரிசை மாறினால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகிறது

அவர் இருந்த படைப்பிரிவான ரெஜிமென்ட் தெரியாமல் தேடுகிறீர்கள் என்று பொருள். பேட்ரிக் கெல்லி, ஜான் மர்ஃபி எல்லாம் நம்மூர் முருகன், செல்வம் மாதிரி. ஒரே ரெஜிமென்டில் அதே பெயரில் இருவர் இருந்தால் எழுத்தர் ‘பேட்ரிக் கெல்லி முதலாமவர்’, ‘இரண்டாமவர்’ என்று குறித்துவைப்பார். 1830 வாக்கில்தான் ஆளுக்கொரு ரெஜிமென்ட் எண் வந்தது. அந்த எண்ணும் வேறு ரெஜிமென்டுக்கு மாறினால் மாறிவிடும். படை முழுவதற்கும் பொதுவான எண் 1920இல்தான் வந்தது. ஒருவருக்கு இரண்டு மூன்று எண் இருந்தால் அது இரண்டு மூன்று ஆள் என்று முடிவு கட்டாதீர்கள்.

ரெஜிமென்டைப் பிடிக்க முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். மெடல் இருந்தால் அதன் முகப்பை விட்டு விளிம்பைப் பாருங்கள். பெயரும் ரெஜிமென்டும் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘88ஆம் காலாட்படைச் சிப்பாய்’ என்பதுபோல இருக்கலாம். இங்கிலாந்து பதிவுத்துறையின் ரெஜிமென்ட் பிறப்பு அட்டவணை 1761 முதல் 1924 வரை போகிறது. அதில் குழந்தையின் பெயருக்கு எதிரே ரெஜிமென்டே இருக்கும்.

இது எதுவும் இல்லையென்றால் இரண்டு குழந்தைகள் பிறந்த இடத்தையும் தேதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழந்தை கிரேக்கத்தின் கோர்ஃபுவில், அடுத்தது மூன்றாண்டு கழித்து கனடாவின் ஹாலிஃபாக்ஸில் என்றால், அந்த இரண்டு ஊரிலும் அந்தந்தச் சமயத்தில் முகாமிட்டிருந்த ரெஜிமென்ட் பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். எந்த ரெஜிமென்ட் எப்போது எங்கே இருந்தது என்பது கியூவில் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 379 தொகுப்பில் இருக்கிறது.

1881இல் காலாட்படை ரெஜிமென்டுகளின் எண்கள் போய்ப் பெயர்கள் வந்தன. 27உம் 108உம் சேர்ந்து ராயல் இனிஸ்கில்லிங் ஃபியூசிலியர்ஸ். 83, 86 ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ். 87, 89 ராயல் ஐரிஷ் ஃபியூசிலியர்ஸ். 88, 94 கன்னாட் ரேஞ்சர்ஸ். 100, 109 லென்ஸ்டர் ரெஜிமென்ட். 101, 104 மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ். 102, 103 டப்ளின் ஃபியூசிலியர்ஸ். தாத்தா எண்ணைச் சொல்லியிருப்பார், பேரன் பெயரைச் சொல்வார். இரண்டும் ஒரே படையாக இருக்கும். ஐரிஷ்காரர் என்பதால் ஐரிஷ் ரெஜிமென்டில்தான் இருந்திருப்பார் என்று மட்டும் நினைக்காதீர்கள். பீரங்கிப் படையிலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பெயர் தாங்கிய ரெஜிமென்டுகளிலும் அவர்கள் ஏராளம்.

டபிள்யூ.ஓ. 97 தொகுப்பில் ஆளே இல்லை

சிப்பாய்களின் விடுவிப்புக் காகிதங்கள் 1760 முதல் 1913 வரை இந்தத் தொகுப்பில்தான் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ‘இன்ன கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), இன்ன ஊரில் அல்லது அதன் அருகில், இன்ன பாரிஷில் (பங்கில்) பிறந்தவர்’ என்ற வரிக்காகத்தான் இதைத் தேடுகிறோம்.

ஆள் இல்லையென்றால் முதல் சந்தேகம் பென்ஷன் மீது விழ வேண்டும். 1883க்கு முன் இந்தத் தொகுப்பில் இருப்பவர்கள் பென்ஷன் வாங்கி வெளியே போனவர்கள் மட்டுமே. பணியில் இருக்கும்போதே செத்தவர், காசு கட்டி விலகியவர், ஓடிப்போனவர், 1847க்குப் பின் வந்த 10 ஆண்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர் — இவர்களுடைய காகிதங்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. 1883 முதல்தான் ஒப்பந்தம் முடித்தவர்களும் காசு கட்டி விலகியவர்களும் இதில் வருகிறார்கள்.

இரண்டாவது சந்தேகம் கில்மெய்னம். லண்டனில் ராணுவப் பென்ஷனைப் பார்த்துக்கொண்ட செல்சி மருத்துவமனைபோல அயர்லாந்துக்கு டப்ளினில் கில்மெய்னம் ராயல் மருத்துவமனை இருந்தது. 1822 வரை அயர்லாந்தில் பென்ஷன் வாங்கியவர்களை அது பார்த்துக்கொண்டது. அந்தக் காகிதங்கள் டபிள்யூ.ஓ. 118, 119 தொகுப்புகளில் இருக்கின்றன. நெப்போலியன் போர்க்காலச் சிப்பாயைத் தேடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் விட்டுவிடுவதைத்தான் அதிகம் காண்கிறோம்.

மூன்றாவது, அடுக்கும் முறை. 1873 வரை ரெஜிமென்ட் வாரியாக. 1873 முதல் 1882 வரை குதிரைப்படை, பீரங்கி, காலாட்படை என்று பெரும் பிரிவு வாரியாக. 1883 முதல் அகரவரிசை. இடம் மாறிக் கோப்பான தாள்கள் தனிக் கட்டுகளாகத் தொகுப்பின் கடைசியில் கிடக்கின்றன. இணையத்தில் தேடும்போது ரெஜிமென்டைக் கட்டத்தில் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை தேடுங்கள்.

நான்காவது, பொய்ப் பெயர். ஒரு படையிலிருந்து ஓடி இன்னொன்றில் சேர்ந்தவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் கிடைக்கவில்லையென்றால் மஸ்டர் ரோல். டபிள்யூ.ஓ. 12, 1732 முதல் 1878 வரை. அதன் தொடர்ச்சி டபிள்யூ.ஓ. 16, 1898 வரை. இவை சம்பளப் பட்டியல்கள். சம்பளம் வாங்கிய ஒவ்வொருவர் பெயரும் இருக்கும், பென்ஷன் வந்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பெரும்பாலும் இணையத்தில் இல்லை. கியூவுக்கு நேரில் போக வேண்டும், அல்லது அங்கே ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். ஆள் வைப்பதானால் வேலையைத் துல்லியமாகச் சொல்லிக் கொடுத்தால்தான் காசு மிச்சமாகும். எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு தொகுதி பெரும்பாலும் ஒரு பட்டாலியனின் (ரெஜிமென்டின் உட்பிரிவு) ஓராண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். உள்ளே காலாண்டு காலாண்டாகப் பிரித்திருக்கும். பக்கத்தின் இடப்புறம் எண், பெயர்; நடுவே மூன்று மாதத்துக்கு மூன்று ஆஜர் கட்டங்கள்; வலப்புறம் குறிப்புக் கட்டம். ‘மருத்துவமனையில்’, ‘காவலில்’, ‘விடுப்பில்’ என்ற சிறு சிறு குறிப்புகள் அங்கேதான் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டே பக்கங்கள்: அவர் பெயர் முதன்முதலில் வரும் காலாண்டு, கடைசியாக வரும் காலாண்டு.

அவர் அங்கே இருந்தது உறுதியான ஒரு காலாண்டில் தொடங்குங்கள். பின்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு காலாண்டாகப் புரட்ட வேண்டாம். இரண்டிரண்டு ஆண்டாகத் தாவுங்கள். பெயர் இல்லாத தொகுதியைத் தொட்டதும் பாதி தூரம் முன்னே வாருங்கள். முதல் காலாண்டில் எந்தத் தேதியில் எங்கே சேர்ந்தார் என்ற குறிப்பு கிடைக்கும். சேர்ந்த ஊர் பலருக்கு வீட்டுக்குப் பக்கத்துச் சந்தை ஊராக இருக்கும். ரெஜிமென்ட் வெளிநாட்டில் இருந்த காலமென்றால் புதிதாகச் சேர்ந்தவர்கள் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ உள்ள டிப்போவின் (ரெஜிமென்டின் உள்நாட்டு முகாம்) பட்டியலில்தான் முதலில் தெரிவார்கள். அது தனிப் பகுதி. அதைப் பார்க்காமல் ‘1852இல் ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவது வழக்கமான தவறு.

பிறகு முன்னோக்கிப் போங்கள். அவர் பெயர் மறையும் காலாண்டின் கடைசியில், அந்தக் காலாண்டில் கணக்கிலிருந்து நீங்கியவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். இறந்தவர், விலகியவர், ஓடியவர் எல்லாரும் அதில் வருவார்கள். பல ஆண்டுகளுக்கு அந்தப் பட்டியலில் பிறந்த இடம், தொழில், சேர்ந்த தேதி மூன்றும் உண்டு. விடுவிப்புக் காகிதம் இல்லாதவருக்குப் பிறந்த ஊர் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பணியில் இறந்தவராக இருந்தால் டபிள்யூ.ஓ. 25இல் 1809 வாக்கிலிருந்து 1870கள் வரையிலான இறப்புப் பட்டியல்களையும் பாருங்கள். மிச்சச் சம்பளம் யாருக்குப் போனது என்ற குறிப்பில் தாய், அண்ணன், அக்கா யாராவது வெளிப்படலாம். ஓடிப்போனவருக்கும் கவலை இல்லை. அவரைப் பிடிக்கவேண்டி உயரம், முகஅடையாளம், பிறந்த பாரிஷ் எல்லாவற்றையும் காவல்துறைக் கெஜட்டில் அச்சடித்தார்கள். ஒழுங்காக வேலை பார்த்து வீட்டுக்குப் போனவரைவிட ஓடிப்போனவருக்குச் சில சமயம் அதிக விவரம் கிடைப்பது இந்த வேலையின் வேடிக்கைகளில் ஒன்று.

பிறந்த ஊர் கிடைத்தது, வரைபடத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை

பதறாதீர்கள். எழுத்தறியாதவர் தன் உச்சரிப்பில் சொன்னதை வேற்றூர்க்கார சார்ஜன்ட் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. அயர்லாந்து ஊர்ப்பெயர்களில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உறவு குறைவு. எழுத்தைக் கூட்டி ‘யூகல்’ என்று நாம் படிக்கும் ஊர் அவர்கள் வாயில் ‘யால்’. ‘கஹிர்’ என்பது ‘கேர்’. ‘டுவாம்’ என்பது ‘சூம்’. ஆகவே காகிதத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து, அதே ஒலி வரும் பெயர்களை லோகெயின்ம் தளத்தின் ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தில் தேடுங்கள்.

பெயரின் முன்பகுதியை அடையாளம் கண்டுகொண்டால் தேடல் சுருங்கும். பாலி என்றால் ஊர், கில் என்றால் தேவாலயம், சில இடங்களில் காடு, நாக் குன்று, குளோன் புல்வெளி, ட்ரம் மேட்டு முகடு, ராத் பழைய வட்டக் கோட்டை, கேரிக் பாறை, இனிஷ் தீவு. நம் பட்டி, பாளையம், குறிச்சி மாதிரிதான். இந்த முன்பகுதியை சார்ஜன்ட் ஓரளவு சரியாகவே எழுதியிருப்பார், பின்பகுதியில்தான் குளறுபடி.

அடுத்து, எழுதியிருப்பது எந்த மட்டத்துப் பெயர் என்று பாருங்கள். டவுன்லேண்ட், சிவில் பாரிஷ் (அரசுக் கணக்கின் பாரிஷ்), கத்தோலிக்கப் பங்கு, பேரனி (கவுண்டியின் பழைய உட்பிரிவு), ஏழை நிவாரண யூனியன், கவுண்டி என்று ஆறு அடுக்கு உண்டு. இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. சிப்பாய் சொன்னது பாரிஷ் என்று காகிதத்தில் இருந்தாலும், அது பக்கத்துச் சந்தை ஊராகவோ தன் டவுன்லேண்டாகவோ இருக்கலாம். சிவில் பாரிஷுக்கும் கத்தோலிக்கப் பங்குக்கும் பெயர் வேறுபடுவது சாதாரணம். தவிர, கில்மோர் என்ற பெயரில் கேவன், மேயோ, மீத், ராஸ்காமன், வெக்ஸ்ஃபோர்ட் எல்லாவற்றிலும் ஒரு சிவில் பாரிஷ் இருக்கிறது. ஆக, கவுண்டி இல்லாத பாரிஷ் பெயரால் பயன் இல்லை.

கவுண்டியும் சில இடங்களில் ஏமாற்றும். பாலினஸ்லோ ஊரின் நடுவே சக் ஆறு ஓடுகிறது. மேற்கே கால்வே, கிழக்கே 1898 வரை ராஸ்காமன். அத்லோனை ஷானன் ஆறு பிரிக்கிறது. ஒரு கரையில் செயின்ட் மேரீஸ் பாரிஷ், வெஸ்ட்மீத். மறு கரையில் செயின்ட் பீட்டர்ஸ், அன்று ராஸ்காமன். கேரிக்-ஆன்-ஷுர் டிப்பரேரி, பாலத்தைத் தாண்டினால் வாட்டர்ஃபோர்ட். ‘பாலினஸ்லோ, ராஸ்காமன்’ என்று காகிதத்தில் இருந்தால் எழுத்தர் தவறிவிட்டார் என்று திருத்தாதீர்கள். ஆற்றின் எந்தக் கரையில் பிறந்தார் என்பதையே அது சொல்லிவிடுகிறது. ஒரு பங்கின் பதிவேட்டைப் புரட்டும் வேலை மிச்சம்.

பழைய பெயர்களும் உண்டு. குயின்ஸ் கவுண்டி இன்றைய லீஷ், கிங்ஸ் கவுண்டி இன்றைய ஆஃபலி. பார்சன்ஸ்டவுன் பர் ஆனது, மேரிபரோ போர்ட்லீஷ் ஆனது, குயின்ஸ்டவுன் கோவ் ஆனது.

இரண்டு மூன்று ஊர்கள் மிஞ்சிவிட்டால் கிரிஃபித் மதிப்பீட்டைத் திறங்கள். 1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக வீடு, நிலம் வைத்திருந்தவர்களை டவுன்லேண்ட் வாரியாக எழுதிய பட்டியல் அது. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் இலவசம். அவருடைய குடும்பப் பெயர் எந்த ஊரில் நாலைந்து வீட்டில் இருக்கிறது, எந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று எண்ணுங்கள். 1823 முதல் 1837 வரையிலான தசமபாக (தேவாலய வரி) பட்டியலிலும் அதே பெயர் அதே ஊரில் இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள் என்று ஓரளவு நம்பலாம். இரண்டிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. அதை வைத்து ‘இவர்தான் தந்தை’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர் சரி, ஞானஸ்நானப் பதிவு இல்லை

பதிவேடே அந்த ஆண்டில் தொடங்கியிருக்காது. கிழக்கே லென்ஸ்டர் மாகாண நகரங்களில் கத்தோலிக்கப் பதிவேடுகள் 18ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கின்றன. மேற்கே மேயோ, கால்வே பக்கம் பல பங்குகளில் 1820களுக்குப் பிறகுதான். சிலவற்றில் 1850கள்கூட ஆகிவிடும். தேடுவதற்கு முன் அந்தப் பங்கின் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது, நடுவே எத்தனை ஆண்டு விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வாக்கு வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை 2015 முதல் இலவசமாக வைத்திருக்கிறது. பங்கின் பெயரை வரைபடத்தில் அழுத்தினாலே ஆண்டுகள் தெரியும்.

பதிவேடு இருந்தும் ஆள் இல்லையென்றால் வயதைச் சந்தேகியுங்கள். 18 வயதுக்கு முந்தைய சேவை பென்ஷன் கணக்கில் சேராது என்பதால் 16 வயதுப் பையன்கள் 18 என்றார்கள். வயது கடந்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள். காகிதம் 1821 என்றால் 1817 முதல் 1826 வரை பார்ப்பதுதான் முறை.

பெயர் லத்தீனில் இருக்கலாம். ஜேம்ஸ் என்பவர் யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ், ஓவன் யூஜினியுஸ். ஆங்கிலத்திலேயே டிமதியும் தேடியுஸும் ஒரே ஆள். ஜெரமையாவும் டார்பியும் ஒரே ஆள். பிரிஜெட்டும் டெலியாவும் ஒருவரே. ‘ஓ’வும் ‘மக்’கும் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் உதிர்ந்து, பிற்பாடு பேரப்பிள்ளைகள் காலத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டவை. இன்று ஓ’சல்லிவன் என்றால் அன்று சல்லிவன் என்று தேட வேண்டும்.

ஒரே பங்கில் அதே பெயரில் மூன்று குழந்தைகள் கிடைத்தால் எது நம்முடையது? பெயர் வைக்கும் வழக்கம் இங்கே கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாமவனுக்குத் தாயின் தந்தை பெயர்; மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், அடுத்தவளுக்குத் தந்தையின் தாய் பெயர். பெயரன் என்ற சொல்லே பேரனாகிவிட்ட மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிப்பாயின் மூத்த மகன் டெனிஸ் என்றால், மூன்று குழந்தைகளில் தந்தை பெயர் டெனிஸ் என்று இருப்பவரை முதலில் எடுங்கள். இது சட்டம் அல்ல, வழக்கம்தான். சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். ஞானப்பெற்றோரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, மாமா, அத்தை முறையில் வருகிறவர்கள்.

சர்ச் ஆஃப் அயர்லாந்து (ஆங்கிலிக்கன் சபை) குடும்பமாக இருந்தால் பதிவேடுகளில் பாதிக்கு மேல் 1922இல் எரிந்துவிட்டன. பாதிரியார் பிரதி எடுத்து வைத்திருந்தால் உண்டு. பிரெஸ்பிட்டீரியன் என்றால் பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து ஆவண அலுவலகம்.

பெற்றோர் பெயரே எங்கும் இல்லை

1880களுக்கு முந்தைய விடுவிப்புக் காகிதங்களில் பெற்றோர் பெயர் இருக்காது. பிற்காலத்தவற்றில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தாய், தந்தை, மனைவி, குழந்தைகள் வருவார்கள். அதற்கு முந்தையவருக்குத் தந்தை பெயர் கிடைக்கும் ஒரே நல்ல வழி அவருடைய திருமணச் சான்று. இங்கிலாந்தில் ஜூலை 1837 முதல் மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் சான்றில் உண்டு. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் ஏப்ரல் 1845 முதல், மற்றவை 1864 முதல். ஸ்காட்லாந்தில் 1855க்குப் பிறகு மணம் முடித்திருந்தால் யோகம்தான்: தந்தை பெயரோடு தாயின் பெயரும், அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

திருமணம் எங்கும் அகப்படவில்லையென்றால் அவர் அனுமதி இல்லாமல் மணந்திருக்கலாம். 100 சிப்பாய்களுக்குச் சுமார் ஆறு மனைவியரைத்தான் படை தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. கணக்கில் ஏறியவர்களின் குழந்தைகள் ரெஜிமென்ட் பதிவேட்டிலும் படைப் பாதிரியார் பதிவிலும் வருவார்கள். ஏறாதவர்களின் குழந்தைகளை முகாமுக்குப் பக்கத்து ஊரின் சாதாரணத் தேவாலயத்தில்தான் தேட வேண்டும். 1868 முதல் 1883 வரையிலான மஸ்டர் ரோல்களின் கடைசியில் மணமானவர்களின் பட்டியல், குழந்தைகளின் விவரத்தோடு இருக்கும்.

மெட்ராஸில் இருந்தார், எந்தப் படை என்று தெரியவில்லை

பரங்கிமலை, பூந்தமல்லி, திருச்சி, பெல்லாரி என்று காகிதத்தில் வந்தால் முதலில் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: கம்பெனிச் சிப்பாயா, ராணியின் சிப்பாயா? ஆவணங்கள் இருக்கும் கட்டடமே வேறு. ராணியின் படையென்றால் மேலே சொன்ன கியூ. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையென்றால் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபிஸ் ஆவணங்கள். ரெஜிமென்ட் பெயரில் ‘மெட்ராஸ் ஐரோப்பிய’ என்று இருந்தால் கம்பெனி. எண்ணோடு ‘காலாட்படை’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ராணி. இந்தியச் சிப்பாய்களின் ரெஜிமென்டில் இருந்த வெள்ளைக்கார சார்ஜன்ட்கள் கம்பெனி ஆட்கள். பரங்கிமலை மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையகம். அங்கே பீரங்கிக்காரர் என்றால் கம்பெனியை முதலில் பாருங்கள்.

கம்பெனி அயர்லாந்தில் ஏராளமாக ஆளெடுத்தது. மெட்ராஸ் படையின் ஐரோப்பியர் பதிவேடுகள் எல்/மில்/11 தொகுப்பில் உண்டு: பெயர், வந்த கப்பல், வந்த ஆண்டு, வயது, கவுண்டி, பழைய தொழில். ஊர் வேண்டுமென்றால் எல்/மில்/9இல் உள்ள ஆளெடுப்பு, கப்பலேற்றப் பதிவுகளுக்குப் போக வேண்டும். கப்பல் பெயரும் ஆண்டும் கையில் இருந்தால் அது எளிது.

மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் லண்டன் பிரதிகள் என்/2 தொகுப்பு. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: ஆரம்பத்தில் ஆங்கிலிக்கன் பதிவுகளே போயின. கத்தோலிக்கப் பதிவுகள் பின்னாளில்தான் சேர்ந்தன, அதுவும் எல்லாம் இல்லை. ஐரிஷ் சிப்பாய்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதால், என்/2இல் இல்லாததை ‘குழந்தையே பிறக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலப் பதிவேடு இங்கேயே, அந்தந்தக் கண்டோன்மென்ட்டின் கத்தோலிக்கத் தேவாலயத்திலோ மறைமாவட்டத்திலோ இருக்க வாய்ப்பு உண்டு. சென்னை, திருச்சி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு இது லண்டனைவிடக் கிட்டத்து வழி.

1859இல் கம்பெனியின் ஐரோப்பியர்கள் அரசுப் படைக்கு மாற்றப்பட்டபோது சுமார் 10,000 பேர் மறுத்து விலகினார்கள். 1859இல் ஒருவர் தடாலென்று பட்டியலிலிருந்து மறைந்தால் செத்துவிட்டார் என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மாறியவர்களின் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 1862இல் 102ஆம் ரெஜிமென்டாகி, 1881இல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது.

முதல் உலகப் போர்ச் சிப்பாய், சர்வீஸ் காகிதம் இல்லை

செப்டம்பர் 1940இல் லண்டனில் விழுந்த குண்டில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டன. மிஞ்சிய கருகிய தாள்கள் டபிள்யூ.ஓ. 363, பென்ஷன் காகிதங்கள் டபிள்யூ.ஓ. 364. இரண்டிலும் இல்லையென்றால் மெடல் அட்டையில் எண்ணையும் ரெஜிமென்டையும் எடுத்துக்கொண்டு சிப்பாய் உடைமைப் பதிவேட்டுக்குப் போங்கள். 1901 முதல் 1929 வரை இறந்தவர்களின் மிச்சப் பணம் யாருக்குப் போனது என்று அது சொல்லும். இறந்தவர்களின் பிறந்த இடத்துக்கு 1921இல் அரசு அச்சிட்ட பட்டியலும், 1923இல் வந்த எட்டுத் தொகுதி அயர்லாந்து நினைவுப் பதிவேடும் இருக்கின்றன. பின்னதில் ஐரிஷ் ரெஜிமென்டில் இருந்த ஐரிஷ் அல்லாதவர்களும் கலந்திருக்கிறார்கள். திரும்பி வந்து 1922இல் அயர்லாந்து தேசியப் படையில் சேர்ந்தவராக இருந்தால், அந்த நவம்பரில் எடுத்த படைக் கணக்கெடுப்பில் வீட்டு முகவரியும் நெருங்கிய உறவினரும் உண்டு. டப்ளின் ராணுவ ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம்.

1901, 1911 கணக்கெடுப்பில் முகாமில் இருந்தவரைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் காரணம் எளிது: அயர்லாந்து முகாம்களின் படிவத்தில் முழுப்பெயர் இல்லை, தலைப்பெழுத்துகள் மட்டுமே. பெயரை விட்டுவிட்டு முகாமின் ஊரைத் திறந்து, வயது, மதம், பிறந்த கவுண்டியை வைத்துப் பொருத்துங்கள். வெளிநாட்டில் இருந்தவர் என்றால் 1911 இங்கிலாந்துக் கணக்கெடுப்பின் வெளிநாட்டுப் படைப் பகுதியில் முழுப்பெயரோடு இருப்பார்.

‘எல்லாம் எரிந்துபோய்விட்டது’ என்கிறார்கள்

எல்லாம் எரியவில்லை. 30 ஜூன் 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்தது பொது ஆவண அலுவலகம். 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, உயில்கள், சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேடுகள் போயின. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது. பழி மட்டும் தீயின் மேல். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்லை. 1864 முதலான பிறப்பு, இறப்புப் பதிவுகளும் வேறிடத்தில் இருந்தன. ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எரிந்த கணக்கெடுப்பிலிருந்தும் கொஞ்சம் தப்பியிருக்கிறது. 1909இல் முதியோர் பென்ஷன் வந்தபோது பிறப்புச் சான்று இல்லாதவர்கள் 1841, 1851 கணக்கெடுப்பைப் பார்த்து வயதை உறுதிசெய்யச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன: பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், டவுன்லேண்ட், பாரிஷ். சிப்பாய் அப்போது உயிரோடு இல்லாவிட்டாலும், ஊரிலேயே இருந்த தம்பியோ தங்கையோ விண்ணப்பித்திருக்கலாம். எனவே சிப்பாயின் பெயரில் தேடாதீர்கள். குடும்பப் பெயரையும் டவுன்லேண்டையும் போட்டுத் தேடுங்கள்.

இரண்டு காகிதம், இரண்டு விதமாகச் சொல்கிறது

பிறந்த ஊர் முரண்பட்டால், அவர் வாயால் இளவயதில் சொன்னதற்கே முதலிடம்: சேர்ந்த நாளின் படிவம். மகன் சொல்லி எழுதிய இறப்புச் சான்று கடைசி. பிறந்த தேதி முரண்பட்டால் ஞானஸ்நானப் பதிவை நம்புங்கள். 1864க்குப் பிறகு பிறப்பைக் குறித்த காலத்துக்குள் பதியாவிட்டால் அபராதம். தாமதமாக வந்தவர்கள் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். குழந்தைக்குப் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் ஆகியிருப்பதுபோலத் தெரியும் பதிவுகள் இப்படி வந்தவைதான்.

உயரம் ஓரிரு அங்குலம் மாறினால் பொருட்படுத்த வேண்டாம்; 18 வயதில் சேர்ந்தவர் வளர்ந்திருப்பார். ஆனால் கண் நிறம் ஒன்றில் நீலம், இன்னொன்றில் பழுப்பு என்று இருந்தால் நிறுத்துங்கள். அநேகமாக உங்கள் கையில் இரண்டு சிப்பாய்கள் இருக்கிறார்கள். மஸ்டர் ரோலுக்குத் திரும்பிப் போய், அந்தக் காலாண்டில் அதே பெயருக்கு எதிரே ‘இரண்டாமவர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.